எச்சரிக்கை மட்டும்

மனிதரைக் கொல்லக்கூடிய எந்த நிரலையும், நிரல்களைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் ஏற்காமல் தடுக்கும்படி செய்ய, பூங்கோதையின் கணவன் இளவழுதி வருடக்கணக்கில் போராடினான். அந்தச் சோதனையோடு கம்பைலர் வெளியான அன்று அலுவலகமே கேக் வெட்டியது. போன வாரம், மருத்துவமனையில் அவனுக்குப் பொருத்தியிருந்த சுவாசக் கருவி தானாக நின்றுபோய் அவன் இறந்தான்.

துக்கம் கேட்க வந்த அவன் அலுவலக நண்பன் ஜெரால்டிடம் அவள் கேட்டாள்: “அந்தக் கருவியோட நிரலைக் கம்பைலர் எப்படிண்ணா விட்டுச்சு?”

“அவன் வச்ச சோதனையில பழைய நிரல் ஒண்ணுகூடத் தேறலம்மா. கம்பைலர வாங்கின கம்பெனிக்காரங்க கத்துனாங்க. அதனால தடுக்காம, அவன் எழுதுன வாசகத்த எச்சரிக்கையா மட்டும் காட்டுற மாதிரி மாத்திட்டோம்.”

“அவருக்குத் தெரியுமா?”

“சொன்னா சோறு திங்கமாட்டான். யாரும் சொல்லல.”

“இந்தக் கருவிக்கு எச்சரிக்கை வந்துச்சா?”

“வந்துச்சு.”

அந்த வாசகம் அவளுக்குத் தெரியும். ‘இதனால் ஒருவர் இறக்கக்கூடும்.’ நிரலைத் தடுக்கும்போது காட்டுவதற்காக இளவழுதி அதை எழுதியதும் அவளிடம்தான் முதலில் படித்துக்காட்டி, யாருக்கும் புரியும்தானே என்று கேட்டிருந்தான்.