சிரமம் தராத கார்டு

பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்த பவர் சப்ளைக்கு வயதாகிவிட்டது. கூடவே உழைத்த கிராபிக்ஸ் கார்டு புகைந்துபோனதிலிருந்து, அதற்கு மின்சாரம் ஊட்டிய தன் வயர் சும்மா தொங்கியது. புதுக் கார்டு வந்து உட்கார்ந்ததும் பவர் சப்ளைப் பெரியவர் ஆசையாக அந்த வயரை நீட்டினார்.

"வா தம்பி. இந்தா, பிடிச்சுக்கோ."

"ஐயோ, வேண்டாங்க! எனக்கு வயர் சொருக இடமே கிடையாது. நான் உட்கார்ந்திருக்கிற மதர்போர்டு தர்ற மின்சாரமே போதும். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான் பார்த்துப் பார்த்து என்னை வாங்கியிருக்காங்க. நீங்க நிம்மதியா இருங்க."

"அப்படியா... ரொம்ப நல்லது."

மெக்கானிக் அந்த வயரைச் சுருட்டி, ஓரமாகக் கட்டிவிட்டு, மூடியைப் போட்டார். உள்ளே இருட்டானது.

"தம்பி," என்றார் பெரியவர், "எப்பவாவது பத்தலைன்னா கூச்சப்படாம கேளு."

கார்டுக்குக் கடைசிவரை பத்தாமல் போகவே இல்லை.