ஐ நை

இமாச்சல மலையூரான சோலனில் மழை பெய்துகொண்டிருக்கிறது. கீழே கடைத்தெருவில் லாரிகள் விடாமல் ஹாரன் அடிக்கின்றன. மாடி வீட்டு ஜன்னலோரம் பொலேத் கணினித் திரையைப் பார்த்து லோஜ்பன் படிக்கிறாள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல், சிலர் கூடி உருவாக்கிய மொழி அது. மனசில் இருப்பதைச் சொல்ல அதில் தனித்தனிச் சொற்கள் உண்டு. "அஹொ" என்கிறாள் உரக்க. நல்லது நடக்கும் என்று நம்புகிறேன் என்பது அதன் பொருள். புருஷன் இறந்த நாளிலிருந்து, இனி உனக்கென்ன ஆசை என்றுதான் எல்லோரும் அவளிடம் தமிழில் பேசியிருக்கிறார்கள். அவளைக் கூட்டிப்போகக் காரைக்காலிலிருந்து வந்திருக்கும் அண்ணன் ஃபெர்னான், அவளுடைய சேலைகளைப் பெட்டியில் அடுக்குகிறார்.

"எழுந்திரு பொலேத், டாக்சி வந்துடும்."

"ஐ நை."

"என்னம்மா சொல்றே?"

"மாட்டேன்னு அர்த்தம்ணே."

"இதெல்லாம் ஒரு பாஷையா? ஊர் உலகத்துல இதை யாரு பேசுறா?"

பொலேத் எழுந்து வருகிறாள். பெட்டியிலிருந்து சேலைகளை அள்ளிக்கொண்டுபோய் அலமாரியில் திணிக்கிறாள். மடிப்புக் கலைந்து ஒன்று தரையில் புரள்கிறது.

"நான் பேசுறேன்" என்கிறாள்.