ஓடையில் வந்த முடிவு

சரியாகப் பத்து மணிக்கு என் மேலங்கிப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. விளக்குக்காரி வந்துவிட்டாள்.

கையில் ஒரு பெரியவரின் மேல்வரிசை இருந்தது. மெழுகில் பதினொரு பல் வைத்தாகிவிட்டது, இன்னும் மூன்று பாக்கி. பல்செட் செய்கிறவள் பாதி வரிசையில் கையை எடுக்கக் கூடாது.

நான் எடுத்துவிட்டேன்.

எனக்குப் பிடித்த முப்பத்தெட்டு தளங்களுக்குச் செய்தியோடை வைத்திருக்கிறேன். எதில் எது புதிதாக வந்தாலும் ஓடை அதை வாங்கிவந்து என் கைப்பேசியில் போட்டுவிடும். ஒவ்வொரு தளமாகப் போய் எட்டிப் பார்த்து ஏமாந்து திரும்புகிற பிழைப்பே இல்லை.

மற்ற முப்பத்தேழையும் மதியச் சாப்பாட்டுக்கு ஒதுக்கி வைத்துவிடுவேன். விளக்குக்காரி என்றால் மட்டும் அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது.

புதன்கிழமைதோறும் ஓர் அத்தியாயம் வரும். பாறைத் தீவில் தனியாக இருந்து கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதை. எழுதுகிறவர் யாரென்று யாருக்கும் தெரியாது. பெயர் இல்லை, முகவரி இல்லை, கருத்துச் சொல்ல ஒரு பெட்டிகூட இல்லை.

போன வாரம் அவள் கால் முறிந்து பாறை இடுக்கில் கிடந்தாள். தண்ணீர் இடுப்புவரை ஏறியிருந்தது. இந்த ஏழு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கியது, அது வேறு விஷயம்.

நின்றுகொண்டே படித்தேன்.

முதல் பத்தியில் தண்ணீர் மார்புக்கு வந்தது. அடுத்ததில் கழுத்துக்கு வந்தது. எப்படியும் தப்பித்துவிடுவாள் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனேன். கடைசிப் பத்தியில் விளக்கு வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது, அவள்தான் இல்லை.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. முதலாளி வெளியே போயிருந்தார். அகப்பட்டது பாலிஷ் அக்காதான்.

எனக்கு எதிர்மேசை அவளுடையது. நான் முடித்துக் கொடுக்கிற செட்டை வாங்கித் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவள் வேலை. ஒன்பது வருஷமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். இத்தனை வருஷமும் அவள் பேசியதைச் சேர்த்து எழுதினால் ஒரு பக்கம் தேறாது. கதை, கட்டுரை என்று எதையும் அவள் கையில் பார்த்ததில்லை.

என்னுடையதோ ஓட்டை வாய். புதன்கிழமை படித்த கையோடு அத்தியாயம் முழுவதையும் அவள் காதில் கொட்டினால்தான் எனக்கு வேலை ஓடும். அவள் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே கேட்பாள். அவள் தேய்க்கிற மோட்டார் எனக்காக ஒருநாளும் நின்றதில்லை.

இன்று நிறுத்தினாள்.

“சாகடிச்சுட்டாங்கக்கா. எட்டு மாசமா கூட்டிட்டு வந்து, அப்படியே தண்ணியில விட்டுட்டாங்க. இனிமே அந்தக் கதைப் பக்கமே போக மாட்டேன்.”

அக்கா முகமூடியைக் கீழே இறக்கினாள். ஒழுகிக்கொண்டிருந்த என் மூக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதுக்குப் போய் இவ்வளவு அழணுமா?”

எழுந்து கை கழுவப் போய்விட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத ஜென்மம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டாவது பல்லை எடுத்து வைத்தேன். கோணிக்கொண்டது. பிடுங்கி மறுபடி வைத்தேன். அப்போதும் கோணிக்கொண்டது. பெரியவருக்குச் சாயங்காலத்துக்குள் பல் வேண்டும். எனக்கோ மனசு ஒரு நிலையில் இல்லை.

சில தளங்கள் ஓடைக்குப் பாதியை மட்டும் கொடுத்துவிட்டு மீதியைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும். ஒருவேளை இதுவும் அப்படி இருந்துவிட்டால்? அந்த நப்பாசையில் நேரே தளத்துக்குப் போனேன்.

நான் படித்த கடைசிப் பத்தி அங்கே இல்லை.

அந்த இடத்தில் ஒரு சின்னப் படகு வந்திருந்தது. துடுப்புப் போட்டவள் அக்கரைத் தபால்காரி. கயிற்றை வீசுகிறாள். விளக்குக்காரி எட்டிப் பிடிக்கிறாள், நழுவவிடுகிறாள், மறுபடி பிடித்துவிடுகிறாள். கீழே ‘தொடரும்’ என்று போட்டிருந்தது.

ஓடையைத் திறந்து பார்த்தேன். அதில் செத்திருந்தாள். தளத்தைத் திறந்து பார்த்தேன். அதில் உயிரோடு இருந்தாள். மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

பிறகுதான் புரிந்தது. என் ஓடை முதலில் கிடைத்ததை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்ளும், பின்னால் செய்கிற திருத்தமெல்லாம் அதற்குத் தெரியாது. வெளியிட்ட கால் மணி நேரத்துக்குள் எழுதியவருக்கு மனசு மாறியிருக்கிறது. என்னைப்போல் ஓடை வைத்துக்கொண்டு பத்து மணிக்கே பாய்கிற அவசரக்குடுக்கைகளைத் தவிர, அந்தச் சாவை உலகத்தில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மெழுகுக் கத்தியோடு மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். அவ்வளவு சந்தோஷம். உட்கார்ந்து கை வைத்ததும் பெரியவரின் மூன்று பற்களும் சொன்னபடி கேட்டு வரிசையில் நின்றன.

கை கழுவப் போன அக்கா அப்போதுதான் உள்ளே வந்தாள். அவள் உட்காருவதற்குள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“பிழைச்சுட்டா அக்கா.”

அதற்கு மேல் சொல்ல எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா முகமூடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பாதி தேய்த்து வைத்திருந்த செட்டைக் கையில் எடுத்தாள். என்னைப் பார்க்காமல், கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

“படகு அப்படித் திடீர்னு வந்தது, நம்புற மாதிரி இருந்துச்சா?”

படகைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை.