சேஷன் வீட்டுச் சாதகம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வலியசாலைத் தெருவில் சேஷன் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: சாலைக்கடைக்குக் காய் வாங்கக் கிளம்பி, பையோடு நின்றுவிட்ட பக்கத்து வீட்டு ஸ்ரீனிவாசன். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்த எதிர்வீட்டுச் சூடாமணி. கீரைக் கூடையைத் தலையிலிருந்து இன்னும் இறக்காத உலகம்மை. மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் சிவதாணு பிள்ளை.

வீட்டுக்குள்ளே சேஷனும் அவன் மனைவி நீலாம்பாளும். அங்கே வேறு ஆள் கிடையாது.

கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து மிருதங்கச் சாதகம் கேட்டது.

"கொள்ளாமே, நல்லால்லா இருக்கு!" என்றாள் உலகம்மை. "நேத்து மடத்துல தகரம் தட்டுன சாமியா இது?"

"அதே சாமிதான்." ஸ்ரீனிவாசன் சிரித்தார். "ஆத்துக்குள்ளே புலி. நாலு பேரைக் கண்டா கை வெறைச்சுப் போயிடறது. என்ன பிள்ளைவாள், சரிதானே?"

சிவதாணு காதைக் கதவுப் பக்கம் சாய்த்தான்.

"நீலா பாவம்," என்றாள் சூடாமணி. "போன வாரம் ஒரு கூட்டு கொடுத்தனுப்பினா. வாயிலே வைக்க முடியலே. முன்னெல்லாம் எப்படிச் சமைப்பா! இந்த டொம்டொம்மைக் கேட்டுண்டே அடுப்படியிலே நின்னா புத்தி எங்கே நிக்கும்?"

முந்தின நாள் சாயங்காலம் பஜனை மடத்தில் சேஷன் வாசித்தான். வாசித்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாட்டு ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். பாகவதர் பாட்டையே நிறுத்திவிட்டு, யாரிடம் பாடம் என்று கேட்டார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எல்லாத் தலையும் சிவதாணு பக்கம் திரும்பியது.

சிவதாணுவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. சாலைக்கடையில் அரிசி மண்டிக்கு மேலே ஒரு அறை, அங்கே வந்து போகிற சில மாணவர்கள். இதுதான் பிழைப்பு. பெயர் கெட்டால் அதுவும் இல்லை.

அதனால்தான் வந்திருந்தான். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சேஷனிடம் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும்.

சேஷனைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. ஹஜூர் கச்சேரியில் ஆபீஸ் வேலை முடிந்ததும் நேரே அறைக்கு வருவான். ஆனால் வாசிக்கச் சொன்னால் தயங்குவான். தகதிமி என்று வாயால் சொல்லும் சொல்லைக் கேட்பதில்தான் அவனுக்கு ஆசை. இன்னொரு தரம் சொல்லுங்கோ, இன்னொரு தரம் என்பான். பாடம் முடிந்ததும் அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடுவான். வழியில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான்.

அவன் விரல் நுனி எப்போதும் கறுத்திருக்கும். மிருதங்கத்தின் வலது முகத்தில் இருக்கும் கரணை உதிர்ந்து ஒட்டிய கறுப்பு என்று சிவதாணு நினைத்தான். வீட்டில் உழைக்கிற கைதான், இன்றில்லாவிட்டால் நாளை வரும் என்று அந்தக் கறுப்பை நம்பித்தான் ஒரு வருஷம் பொறுத்தான்.

உள்ளே வாசிப்பு ஓரிடத்தில் தப்பியது. நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்து, அதே இடத்தில் தப்பியது. மூன்றாம் தடவை தாண்டிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை சொல்லிக்கொடுத்த பாடம். புதிதாகக் கற்கிற கைதான், சந்தேகமில்லை. இடது பக்கம் கனத்து விழுந்தது. ஆனால் தாளத்தின் காலம் அசையவில்லை. ஓடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அது சொல்லிக்கொடுத்து வருவதல்ல.

சிவதாணுவுக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டா மடத்தில் என் மானத்தை வாங்கினான்? ஆளைக் கண்டு நடுங்குகிறவனுக்கு எதற்கு மிருதங்கம்?

படியேறிக் கதவைத் தட்டினான்.

கதவு ஒரு சாண் திறந்தது.

சேஷன் நின்றான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். கையில் பாதி ஆய்ந்த வாழைப்பூ. விரல் நுனியெல்லாம் அதன் கறுப்புக் கறை.

உள்ளே மிருதங்கம் நிற்கவில்லை.

சிவதாணு அந்த விரல்களைப் பார்த்தான். சேஷன் முகத்தைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருடி தொறந்தது, நீலாவா?" பின்னால் சூடாமணியின் குரல் நெருங்கி வந்தது. "பிள்ளைவாளை உள்ளே கூப்பிடேன், அவனுக்கு நன்னா நாலு வார்த்தை சொல்லட்டும்."

அவள் கண்ணில் பட்டால் சேதி மத்தியானத்துக்குள் கோயில் வாசல்வரை போய்விடும். பொம்மனாட்டி மிருதங்கம் தொட்டாள் என்று இருட்டுவதற்குள் அந்த வாத்தியம் தெருவுக்கு வந்துவிடும்.

சிவதாணு திரும்பாமலே இரண்டு கையையும் நிலையில் ஊன்றி வாசலை அடைத்தான். அவனுக்கு நல்ல அகலமான முதுகு.

"அம்மாதான் தொறந்தாங்க," என்றான், தெருவுக்குக் கேட்கும்படி. "சாமி சாதகத்துல இருக்காரு. கலைக்க வேண்டாம்."

பிறகு குரலைத் தணித்தான்.

"நாளைக்குப் புதுப் பாடம், சாமி. திஸ்ர நடை தொடங்குவோம். இடது கை கனக்கு, அடக்கி வாசிக்கணும்னு உள்ள சொல்லுங்க. நீங்க இனி மடத்துப் பக்கம் மட்டும் போயிராதீங்க."

சேஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சிவதாணு கதவைப் பிடித்து இழுத்தான்.

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தாளத்துக்கு அரைத் தட்டு பிந்திதான் விழுந்தது. போட்டது சேஷன் அல்லவா.