பட்டன் சாவி

"பத்துத் தடவை அமுக்கிட்டேன்ப்பா. லைட்டுகூட எரியலை" என்றான் கோபிநாத், கார் ரிமோட்டை உதறியபடி.

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார் அவன் அப்பா அடைக்கலம். "சாவின்னா ஓட்டையில விடணும், திருகணும், வண்டி கெளம்பணும். துபாய்லேருந்து வந்து எறங்குனதும் பட்டன் சாவி வச்ச காருதான் வேணும்னு நின்ன. இப்பப் பாரு, நடுத்தெருவுல நிக்கிறோம்."

நடுத்தெரு இல்லை. கீரமங்கலத்தில் குழந்தைசாமியின் வீட்டு வாசல். அவர் மகள் வனிதாவைப் பெண் பார்த்துவிட்டு அன்னவாசல்காரர்கள் மூன்று பேரும் கிளம்பியிருந்தார்கள்.

கோபிநாத்தின் அம்மா சொர்ணவல்லியின் முகம் ஏற்கெனவே கடுகடுவென்று இருந்தது. பெண் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை நடத்துகிறாள் என்பதே இங்கே வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். பொம்பளப் பிள்ளைக்கு இது என்ன தொழில்? சாப்பிடச் சொன்னதற்கு, "இருக்கட்டும், ஊருக்குப் போயித் தகவல் சொல்றோம்" என்று எழுந்துவிட்டாள். முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. அடுத்து ஆவுடையார்கோவிலில் இன்னொரு பெண்ணைப் பார்க்க வேண்டும். நாலரைக்கு ராகு காலம்.

இந்த அவசரத்தில் கோபிநாத் வனிதாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ரிமோட்டுக்குள் செருகியிருந்த குட்டிச் சாவியை உருவிக் கதவைத் திறந்தான். உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். 'சாவியைக் காணவில்லை' என்று எழுத்து ஓடியது.

"கையில வச்சுக்கிட்டு இருக்கப்பவே காணலைங்குதே!" என்று அடைக்கலம் தலையில் கை வைத்தார்.

"வாடகைக் காரு எதுவும் கெடைக்குமாங்க?" என்று கேட்டாள் சொர்ணவல்லி.

"இன்னைக்கு முகூர்த்தம். எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருச்சு" என்றார் குழந்தைசாமி.

வாசற்படியில் நின்ற வனிதா இறங்கி வந்தாள். "குடுங்க, பாக்குறேன்."

ரிமோட்டை நகத்தால் நெம்பித் திறந்தாள். உள்ளே பார்த்தாள். நிமிர்ந்து கோபிநாத்தையும் ஒருமுறை பார்த்தாள். மூடிவிட்டாள்.

"பேட்டரி மாத்தணும். இந்த சைஸு நம்ம கடையில இல்லைங்க. புதுக்கோட்டையிலேருந்து பஸ்ல குடுத்துவிடச் சொல்றேன். ரெண்டு மணி நேரம் ஆகும்."

"ரெண்டு மணி நேரமா!" சொர்ணவல்லி வேறு வழியில்லாமல் திரும்ப உள்ளே போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து மகள் ரம்யா.

"சத்தமாப் பேசுடி! ஒண்ணும் கேக்கலை!" சொர்ணவல்லி போட்ட கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "மூணு மாசமா இப்புடித்தான். கடையில காட்டுனா, வேற போனு வாங்கணும்னுட்டாங்க."

வனிதா போனை வாங்கிப் பார்த்தாள். சின்ன பிரஷ் ஒன்றை எடுத்து வந்து, காதில் வைக்கும் இடத்தில் மெதுவாகத் தேய்த்தாள். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

"மாவு பெசையிறப்பப் போனைக் காதுல இடுக்கிக்கிட்டுப் பேசுவீங்களாம்மா?"

"ஆமா. ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"சப்பாத்தி மாவு அடைச்சிருக்கு. இப்பப் பேசிப் பாருங்க."

ரம்யாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது. அவள் பின்னால் குழந்தை சிரிப்பதுகூடக் கேட்டது. சொர்ணவல்லி பேசினாள், பேசினாள், அரை மணி நேரம் பேசினாள். பேசி முடித்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வாசலில் கோபிநாத்தும் வனிதாவும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகன் இப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

"ஏங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள். "ஆவுடையார்கோவிலுக்குப் போன் போட்டு, வரலைன்னு சொல்லிருங்க."

அப்புறம் குழந்தைசாமியிடம் திரும்பினாள். "அண்ணே, எலையைப் போடச் சொல்லுங்க. பசிக்குது."

"எல்லாம் இந்தப் பாழாப்போன சாவியால வந்தது" என்று முனகிக்கொண்டே அடைக்கலம் முதல் ஆளாகப் பந்தியில் உட்கார்ந்தார்.

சாப்பாடு முடிந்ததும் வனிதா ரிமோட்டைக் கொண்டுவந்து அழுத்தினாள். கார் 'கீக்' என்று கத்தி விளக்கைச் சிமிட்டியது. பெரியவர்கள் ஏறிக்கொண்டார்கள். சொர்ணவல்லி பின் சீட்டில் சாய்ந்து, மறுபடியும் ரம்யாவுக்குப் போன் போட்டாள்.

கேட்டருகே கோபிநாத் தயங்கி நின்றான். "பேட்டரி எப்பங்க வந்துச்சு? நீங்க பஸ் ஸ்டாண்டுக்கே போகலையே?"

வனிதா சிரித்தாள். "பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கடியில பேப்பரை மடிச்சு வச்சா எப்புடி வேலை செய்யும்? ஒங்க வேலைதான்னு புரிஞ்சுச்சு. அதான் காட்டிக் குடுக்கலை."

"நானா? சத்தியமா இல்லைங்க! பேட்டரி செத்தாலும் ரிமோட்டைப் பட்டன்ல ஒட்டி வச்சு அமுக்குனா வண்டி கெளம்பிரும். அதைச் சொல்லாம மறைச்சது மட்டுந்தான் நான்."

"அப்பப் பேப்பர்?"

"தெரியலையே. சாவி என்கிட்டதான் இருந்துச்சு. நடுவுல, வெத்தலைப் பையை எடுக்கணும்னு அப்பா மட்டும் வாங்கிட்டுப் போயி..."

கார் கண்ணாடி இறங்கியது. அடைக்கலம் தலையை வெளியே நீட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆத்தா வனிதா, அந்தப் பேப்பரைக் கிழிச்சுத் தூரப் போட்டுரு. ஒங்க அத்தைக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்!"