நாற்பத்தொரு எச்சரிக்கைகள்

நேற்றுவரை ஒன்றும் இல்லை. இன்று காலை நாற்பத்தொரு எச்சரிக்கைகள்.

தர்மிகா சேர்த்தது ஒரே ஒரு வரிதான். வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பதினொரு வருடமாக நான் சி மொழியில் எழுதிக் கட்டிக்காத்த நிரலில் கைவைத்துவிட்டாள்.

மெமரியில் இடம் எடுத்துத் தரும் பங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு. இங்கே எடுத்த இடத்தை இங்கேதான் திருப்பிக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

அதை மனிதர்களுக்கு எழுதியிருந்தால் ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். அவள், நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கொம்பைலருக்கு எழுதியிருந்தாள். அது வேலை மெனக்கெட்டு, வேறெங்கோ கொண்டுபோய்க் கொடுத்த நாற்பத்தொரு இடங்களையும் தேடிப் பிடித்துவிட்டது.

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் சின்னக் கம்பனி செய்வது காது கேட்கும் கருவிகள். பன்னிரண்டு மணிக்கு அவற்றுக்குள் ஓடும் நிரலின் புதிய பதிப்பு போகவேண்டும். என் பதிப்பு ஒருநாளும் பிந்தியதில்லை.

"பிள்ளை, அந்த வரியை எடுத்துவிடும். பிழையாய் எழுதினால் கொம்பைலரே குழம்பிப்போகும்."

"பிழையெண்டால் எடுக்கிறன் அண்ணை. முதல் இதைப் பாருங்கோ."

முதல் எச்சரிக்கையைத் திறந்து காட்டினாள். கருவி வழியாகக் கேட்கும் ஒவ்வொரு போன் அழைப்பு முடியும்போதும் கொஞ்சம் இடம் தவறான கைக்குப் போகிறது. அழைப்புகள் கூடக்கூட இடம் தீர்ந்து, கருவி தானாக நின்று மறுபடி தொடங்கும். அந்த ஆறு விநாடி ஒன்றும் கேட்காது.

எழுதியவர் யார் என்று பார்த்தேன். நான்.

பொத்துக்கொண்டு கோபம் வந்தது. சத்தம்போட வாயைத் திறந்தபோது அந்த ஆறு விநாடி நினைவுக்கு வந்தது.

அவளுடைய குறிப்பை மூன்றுதரம் வாசித்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தாள். வரி இருக்கட்டும், பதிப்பு அடுத்த கிழமை போகட்டும் என்றேன்.

அவள் நம்பவில்லை. நான் இவ்வளவு லேசில் விட்டுக்கொடுத்ததை யார்தான் நம்புவார்கள்?

அறைக் கதவைச் சாத்தினேன். தலைமயிரை ஒதுக்கி, இரண்டு காதிலிருந்தும் கருவிகளைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாத விஷயம்.

முதலில் இவற்றைத் திருத்தித் தரச் சொன்னேன். 'உங்கள் தங்கையுடன் போன் கதைத்து முடித்தால் சிலவேளை நான் சொல்வது உங்களுக்குக் காதில் ஏறாது' என்று எட்டு மாதமாக மனைவி ஜெயமலர் சண்டைபிடிப்பதையும், 'எங்கள் கருவியில் பிழையே வராது, நீதான் வாய்க்குள் கதைக்கிறாய்' என்று நான் அவளுடன் மல்லுக்கட்டியதையும் சொன்னேன்.

தர்மிகா உதட்டில் விரலை வைத்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அலுவலகத்தின் மற்ற ஒன்பது பேரும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மெதுவாகத்தான் சொன்னேன்.