கண்ணால் பாருங்கள்

திரையில் மேடை ஆடியது.

ஆட்டாமல் பிடிடி மருதாயி, என்று மனசுக்குள் சொன்னாள்.

சாப்பாட்டுக்கூடத்தில் தண்ணீர் டிரம் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வலது கையில் போன். இடது கையில் ஒரு பிடி அட்சதை. தட்டு உள்ளே போகும்போது எடுத்து வைத்துக்கொண்டது. போடப் போவதில்லை. சும்மா.

நடுவில் ஒரு கதவு.

கதவுக்கு அந்தப் பக்கம் மகளுக்குக் கல்யாணம்.

அங்கே கூட்டத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருப்பவள் மருதாயி. இருபது வருடம் கூடவே சித்தாள் வேலை பார்த்தவள். கலவைச் சட்டியோடு சாரம் ஏறினாலும் கை அசங்காதவள். அதை நம்பித்தான் அவளிடம் சொன்னது.

இன்றைக்கு அசங்குகிறது. அழுகிறாள் போல.

தாரை வார்த்துக் கொடுக்கக் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். புருஷன் போய் ஒன்பது வருடம்.

மேடைக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நல்ல நேரத்தில் நம் முகம் எதற்கு என்று அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள்.

மகளிடம் மட்டும் பொய்.

"நீ முன்னாடி நிக்கணும்மா. என் கண்ணுக்குத் தெரியிற மாதிரி."

"நிக்கிறேன், போ."

பந்தி விசாரிக்கிறவர் குழம்பு வாளியோடு வந்தார்.

"என்னக்கா இங்க உக்காந்துட்டீங்க? உள்ள தாலி கட்டப் போறாங்க."

"இலை போட்டாச்சுல்ல. காக்கா வந்துரும். நான் பாத்துக்குறேன், நீங்க போங்க."

அவர் காக்காவைத் தேடி மேலே பார்த்தார். கான்கிரீட் கூரை. வாளியை வைத்துவிட்டு உள்ளே போனார்.

மண்டப வாசலில் மகள் ஒரு போர்டு வைத்திருக்கிறாள். சுற்றி ரோஜாப்பூ. காலையில் இவள் அதன் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். மகள் பத்தாவது படிக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த எழுத்து. பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தாலி கட்டும் நேரத்தில் செல்போனைத் தூக்க வேண்டாம். படம் நாங்கள் எடுத்துத் தருகிறோம். எங்கள் கல்யாணத்தைக் கண்ணால் பாருங்கள்.

முழுசாகப் படித்து முடித்தாள்.

முடித்துவிட்டுப் போய் மருதாயியைத் தேடினாள். போனைத் தூக்கச் சொல்ல.

இப்போது திரையில் மகளின் தலை தெரிந்தது. குனிந்திருந்தாள். காதோரம் பூ சரிந்து தொங்கியது.

பக்கத்தில் இத்தனை பேர் நிற்கிறார்கள். ஒருத்தி அதை எடுத்துச் சொருகக் கூடாதா.

விரல் திரைக்குப் போனது. கட்டாகிவிடும் என்று பயந்து எடுத்துக்கொண்டாள்.

"பச்சைச் சேலைக்காரம்மா, போனை இறக்குங்க. தாலிய மறைக்குது." போட்டோக்காரர் குரல்.

"நான் எனக்காவா எடுக்குறேன்? பொண்ணப் பெத்தவ பாக்குறாய்யா. அந்தாண்ட சோத்துக் கூடத்துல உக்காந்து பாக்குறா."

மேளம்கூட ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது.

திரையில், குனிந்திருந்த தலை அசைந்தது.

"யாரா இருந்தாலும் இறக்குங்கம்மா. வாசல்ல போர்டு பாக்கலையா?"

"படிக்கத் தெரிஞ்சா நா ஏன்யா செங்கல்லு சொமக்குறேன்?"

யாரோ சிரித்தார்கள். மின்விசிறி தெரிந்தது. ஒரு வேட்டியின் கரை தெரிந்தது. அப்புறம் இருட்டு. மருதாயி போனை இடுப்பில் சொருகிவிட்டாள். கட் பண்ணத் தெரியாது அவளுக்கு.

கருப்புத் திரையின் மூலையில் சின்னக் கட்டம். அதில் அவள் முகம் மட்டும். பொட்டில்லாமல்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மேளச் சத்தம் சுவர் வழியாக முதலில் வந்தது. போன் வழியாகக் கொஞ்சம் பிந்தி வந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இவ்வளவு நேரம் பார்த்தது எல்லாமே நடந்து முடிந்தது.

போனை நாற்காலியில் வைத்தாள்.

கதவு கனமாக இருந்தது. தோள் கொடுத்துத் தள்ளினாள்.

எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு கையிலும் போன் இல்லை. மகள் கேட்டுக்கொண்ட மாதிரியே. மஞ்சள் அரிசி பறந்து விழுந்துகொண்டிருந்தது.

கடைசி வரிசையில் ஒருத்தி திரும்பினாள். அப்புறம் இன்னொருத்தி. அப்படியே மேடை வரைக்கும் போனது.

மாப்பிள்ளையின் அம்மா பார்த்தார். அட்சதை போட ஓங்கிய கை பாதியில் நின்றது.

அவள் கையும் இன்னும் மூடியே இருந்தது. வேர்வையில் மஞ்சள் கரைந்து மணிக்கட்டில் வழிந்தது.

மூன்றாவது முடிச்சு இன்னும் விழவில்லை.

மகளின் தலை நிமிர்ந்தது.

"பொண்ணு, இங்க பாரும்மா," போட்டோக்காரர் கத்தினார். "இங்க. கேமராவைப் பாரு."

மகள் பார்க்கவில்லை.